கூச்சம் சரக்கான கதை

1890களில் சிகாகோவிலோ பாஸ்டனிலோ ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால், அவளிடம் நேரே போய் ‘என்னோடு வெளியே வருகிறாயா’ என்று கேட்க வேண்டிய சங்கடம் அவனுக்கு இல்லை. கேட்கவே கூடாது என்பது ஊர் வழக்கம். கூப்பிடும் உரிமை பெண் வீட்டுக்கு உரியது. பெண்ணின் தாயோ, வயது வந்தபின் பெண்ணோ, ‘ஒருநாள் வீட்டுப் பக்கம் வாருங்கள்’ என்று சொன்னால்தான் அவன் அந்த வாசற்படி ஏறலாம். குறித்த நாளில் குறித்த நேரத்தில் போவான், வேலைக்காரியிடம் விசிட்டிங் கார்டைக் கொடுப்பான், முன்கூடத்தில் உட்காருவான். தேநீர் வரும், பெண் பியானோ வாசிப்பாள், பக்கத்து அறையில் தாய் ஏதோ தைத்துக்கொண்டிருப்பாள். எப்போது எழுந்து விடைபெறுவது, எதைப் பேசுவது, எதைப் பேசக் கூடாது என்பதெல்லாம் நடத்தை நூல்களில் அச்சாகியிருந்தது. அவன் வருவது பிடிக்கவில்லை என்றால் வேலைக்காரி கதவருகில் நின்று, அம்மா வீட்டில் இல்லை என்பாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் யாருக்கும் முகம் சிவக்காது. ‘காலிங்’ என்று அவர்கள் அழைத்த இந்த முறையையும் அது மறைந்த விதத்தையும் வரலாற்றாசிரியர் பெத் பெய்லி 1988இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். முன்வாசலிலிருந்து காரின் பின்சீட்டுக்கு என்று பொருள்படும் அந்த நூலின் தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதிப் பாதியில் எனக்கு அக்கறை உள்ள ஆள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த கூச்சக்காரப் பையன். கூச்சம் அவனுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் முதல் வார்த்தையை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதால், அந்தக் கூச்சம் அவனை வீட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை.

இந்த ஏற்பாடு குலைந்தது பணக்காரர் வீட்டில் அல்ல, கூடமே இல்லாத வீட்டில். நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து எழும் குடும்பத்துப் பெண், யாரை எங்கே உட்காரச் சொல்லுவாள்? தையல் ஆலையிலும் கடையிலும் வேலை பார்த்த அந்தப் பெண்கள் மாலையில் நடனக்கூடங்களுக்கும் கோனி தீவின் கேளிக்கைத் திடல்களுக்கும் ஐந்து சென்ட் சினிமாவுக்கும் போனார்கள். கூலி குறைவு, அதிலும் பெரும்பகுதி வீட்டுக்குப் போகும். அதனால் உடன் வரும் பையன் நுழைவுச்சீட்டு வாங்குவான், சோடா வாங்கித் தருவான். பெண் உழைப்பாளிகளின் பொழுதுபோக்கைப் பற்றி 1986இல் எழுதிய கேத்தி பைஸ் இந்தக் கொடுக்கல் வாங்கலை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். ‘டேட்’ என்ற சொல் இந்தப் பொருளில் அச்சில் தலைகாட்டியதும் இந்த வர்க்கத்துப் பேச்சு வழியாகத்தான்: 1896இல் ஜார்ஜ் ஏட் என்ற சிகாகோ பத்திரிகையாளர் ஒரு குமாஸ்தாவின் வாயில் அதைப் போட்டார். பிறகு வசதியான வீட்டுப் பிள்ளைகள் தாயின் கண்ணிலிருந்து தப்பிக்க இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள், கார் வந்தது, 1920களின் நடுப்பகுதிக்குள் முன்கூடம் காலியாகிவிட்டது. வீட்டில் நடந்தவரை விருந்தளித்தவள் பெண், ஆகவே அழைப்பும் அவளுடையது. வெளியே போனதும் செலவு வந்தது. செலவு ஆணுடையது என்றானதும் அழைப்பும் அவன் கைக்குப் போயிற்று. பெண் கேட்டால் ‘எனக்காகச் செலவு செய்’ என்று கேட்டது போலாகிவிடும் என்பதால் அவள் கேட்பதே அநாகரிகம் ஆனது. பெய்லியின் இந்த விளக்கத்தைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. காசும் அதிகாரமும் இடம் மாறியதை எல்லாரும் கவனித்தார்கள். அவற்றோடு சேர்ந்து பயமும் இடம் மாறியதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ‘மாட்டேன்’ என்ற சொல்லை நேருக்கு நேர் கேட்கும் ஆபத்து முழுவதும் இப்போது இருபது வயதுப் பையன் ஒருவன் தலையில் விழுந்தது.

கூச்சக்கார இளைஞன் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறானே, இதில் புதிதாக என்ன என்று கேட்கலாம். ரோமானியக் கவிஞர் ஓவிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காதல் கலை என்று ஒரு நூல் எழுதி, தேரோட்டப் பந்தய அரங்கில் பெண்ணருகே எப்படி இடம் பிடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்தானே? கொடுத்தார், ஆனால் அது ஏற்கெனவே துணிச்சல் உள்ளவனின் விளையாட்டுக்குக் கைப்புத்தகம், பாதி கேலி. வாய் திறக்க நடுங்குகிறவனுக்கு அதில் மருந்து இல்லை. அவனைப் பழைய சமூகங்கள் வேறு விதமாகக் கையாண்டன: நடுவில் ஓர் ஆளை நிறுத்தின. நம் அகப்பொருள் இலக்கணமே இதற்குச் சாட்சி. தலைவன் தன் நிலையை முதலில் பாங்கனிடம் சொல்கிறான். பிறகு தோழியிடம் குறையிரந்து நிற்கிறான். தோழி உடனே இசைவதில்லை. அவன் கொண்டுவந்த தழையை வேண்டாம் என்கிறாள், எங்கள் குடிக்கு நீ பொருந்தமாட்டாய் என்கிறாள், நாளை வா என்கிறாள். சேட்படுத்தல் என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. மறுப்பு அங்கே துறை துறையாக வகுக்கப்பட்ட சடங்கு. அது வருவதும் தோழி வாயிலிருந்து. கிராமத்துத் திருமணத் தரகரும் ஐரோப்பிய யூதர்களின் ‘ஷாட்கெனும்’ செய்தது இதே வேலைதான். மறுப்பின் அடி நேரே நெஞ்சில் படாமல் தாங்கிக்கொள்ள ஒரு மூன்றாம் ஆள் இருந்தார். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நகரம் அந்த மூன்றாம் ஆளை வேலையிலிருந்து நீக்கியது. நீக்கியது நல்லதுதான், அவர் பலர் வாழ்க்கையைக் கெடுத்தும் இருக்கிறார். ஆனால் அவர் பார்த்த வேலை அப்படியே கிடந்தது. அதுவரை ஒரு சுபாவமாக இருந்த கூச்சம், இப்போது அவனவன் தானே சரிசெய்துகொள்ள வேண்டிய குறை ஆனது.

குறை என்று ஒன்று உருவானால் அதற்குச் சந்தை உருவாகத் தாமதம் ஆகாது. 1937இல் சமூகவியலாளர் வில்லார்ட் வாலர், பென்சில்வேனியாவின் ஒரு கல்லூரியில் நடந்த டேட்டிங்கை ஆராய்ந்து, அங்கே காதலைவிட மதிப்பெண் போடுவதே அதிகம் நடந்தது என்று எழுதினார். நல்ல உடுப்பு, கையில் செலவுக்குப் பணம், ஓட்டக் கிடைக்கும் கார், சரளமான பேச்சு, நன்றாக நடனமாடுவது ஆகியவைதான் ஒரு பையனின் தரத்தைத் தீர்மானித்தன. இப்படிப் பட்டியல் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வியாபாரி வந்து நிற்பான். வாய் நாற்றம் உன்னைத் தனிமரமாக்கிவிடும் என்று லிஸ்டரின் 1920களில் பயமுறுத்தியது. உடம்பை வைத்துப் பயமுறுத்தியவர் சார்லஸ் அட்லஸ். ஏஞ்சலோ சிசிலியானோ என்ற பெயரில் இத்தாலியில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த இவர், 1920களின் இறுதியில் சார்லஸ் ரோமன் என்ற விளம்பரக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, தபால் வழி உடற்பயிற்சிப் பாடங்களை விற்றார். சித்திரக்கதைப் புத்தகங்களின் பின்னட்டையில் பல பத்தாண்டுகள் வந்த அந்த விளம்பரத்தின் கதை எளியது: கடற்கரையில் ஒரு தடியன் நோஞ்சான் பையன் முகத்தில் மணலை உதைக்கிறான், பக்கத்தில் இருக்கும் பெண் பையனை இளக்காரமாகப் பார்க்கிறாள், அவன் பாடங்களை வரவழைத்து, உடம்பைத் தேற்றி, திரும்பி வந்து தடியனை ஒரு குத்து விடுகிறான், பெண் அவன் கையைப் பற்றிக்கொள்கிறாள். ஏழெட்டுக் கட்டங்களில் முடிந்துவிடும் அந்தக் கதையில் பையன் பெண்ணிடம் தன்னைப் பற்றியோ அவளைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியத்தையே நீக்கித் தருவேன் என்பதுதான் விற்கப்பட்ட வாக்குறுதி. கூச்சக்காரனுக்கு இதைவிடக் கவர்ச்சியான சரக்கு இருக்க முடியாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், யாரிடமும் எதுவும் கேட்காமல், ஆள் மாறி வெளியே வரலாம் என்றது அது. தண்டால் எடுத்தவனுக்கு உடம்பு தேறியிருக்கும், அதில் சந்தேகம் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போன பிறகு என்ன செய்வது என்பதற்கு மட்டும் பாடம் இல்லை.

ஆர்தர் மரேயின் தொழில் இதிலிருந்து ஒரு முக்கியமான விதத்தில் மாறுபட்டது. அதனால்தான் அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் கலீசியாவில் 1895இல் மோசஸ் டைக்மன் என்று பிறந்து, சிறுவயதில் நியூயார்க் வந்து சேர்ந்த இவர், தாமே கூச்சத்தால் அவதிப்பட்ட நெட்டைப் பையன். அதைப் போக்க நடனம் பயின்றவர். 1920களில் இவருடைய முதல் பெரிய வியாபாரமும் தபால் வழிதான். காலடித் தடங்களை வரைந்த தாள்கள் வரும். அவற்றைத் தரையில் விரித்து எண்படி கால் வைத்துப் பழக வேண்டும். வீட்டில் தனியாக, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தாளின் மேல் வால்ட்ஸ் ஆடும் ஒரு வங்கிக் குமாஸ்தாவைக் கற்பனை செய்தால் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. அதுவரை அட்லஸுக்கும் மரேக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் நடனத்தைத் தனியாகக் கற்று முடிக்க வழியில்லை. எதிரே ஒருவர் கையைப் பிடித்தாக வேண்டும். 1938 முதல் ஊர் ஊராகப் பெருகிய மரேயின் பயிற்சிக்கூடங்களில் மாணவன் காசு கொடுத்து வாங்கியது அடவுகளை. ஆனால் அவனுக்குக் கிடைத்தது வாரந்தோறும் முன்பின் தெரியாத பெண்ணின் எதிரே நின்று, தப்பாக மிதித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி தொடங்கிப் பழகும் வாய்ப்பு. நடனம் இன்னொன்றும் தந்தது. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். அது முடிந்ததும் நன்றி சொல்லி, அவளை அவள் இருக்கையில் விட்டுவிட்டுத் திரும்பலாம். கூச்சக்காரனைக் கொல்வது எப்படித் தொடங்குவது என்ற கேள்வி மட்டும் அல்ல, எப்போது முடிப்பது என்பதும்தான். முன்கூடத்தில் நடத்தை நூல் சொல்லித் தந்த அந்த முடிவை இங்கே இசைத்தட்டு சொன்னது. பழைய வழக்கத்தின் காப்பு ஒன்று புதிய இடத்தில் வேறு உருவில் உயிர்த்தது என்றே இதை நான் படிக்கிறேன். டேல் கார்னெகி 1912இல் நியூயார்க்கின் 125ஆம் தெரு ஒய்.எம்.சி.ஏ.வில் தொடங்கிய பேச்சு வகுப்புகளும் இதே இனம். அங்கே வந்தவர்களைத் தேற்றியது பாடத்தின் சூத்திரங்களைவிட, வாராவாரம் எழுந்து நின்று பத்துப் பேர் முன்னால் உளறிவிட்டு, ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்த அனுபவம்தான் என்பது என் கணிப்பு.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு இருக்கிறது. துணிச்சல் மனதுக்குள் இருக்கும் பொருள் என்பது போலப் பேசுகிறீர்கள். யாருக்குத் துணிச்சல் அனுமதிக்கப்பட்டிருந்தது என்று கேட்டீர்களா? கேட்கத்தான் வேண்டும். சிகாகோவின் ‘டாக்ஸி டான்ஸ்’ கூடங்களைப் பற்றி பால் கிரெஸி 1932இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பத்து சென்ட் கொடுத்துச் சீட்டு வாங்கினால் ஒரு நடனம்; சீட்டில் பாதி ஆடும் பெண்ணுக்கு. அங்கே வந்தவர்களில் கணிசமானவர்கள் வேறெங்கும் நுழைய முடியாத ஆண்கள், குறிப்பாகப் பிலிப்பினோ இளைஞர்கள். அமெரிக்கக் காலனியாக இருந்த அதே நாட்டிலிருந்து கலிபோர்னியாவின் வயல்களுக்குக் கீரையும் அஸ்பாரகஸும் அறுக்க வந்தவர்களிலும் பெரும்பாலோர் மணமாகாத வாலிபர்கள். வார நாளெல்லாம் முதுகு ஒடிய வேலை. சனிக்கிழமை மாலையில் மடிப்புக் கலையாத சூட்டு, பளபளக்கும் காலணி, அருமையான நடனம், பெண்களிடம் நயமான பேச்சு. வாலரின் பட்டியலில் காரைத் தவிர மற்ற எல்லாம் இவர்களிடம் இருந்தது எனலாம். அதற்குக் கிடைத்த பலன் என்ன? 1930 ஜனவரியில் வாட்சன்வில் ஊருக்கு அருகே வெள்ளைக்காரப் பெண்களோடு ஆட ஒரு கூடம் திறக்கப்பட்டது. அதே சமயம் உள்ளூர் நீதிபதி ஒருவரே பிலிப்பினோக்களைத் தூற்றிப் பேசினார். கும்பல்கள் நாள் கணக்கில் வெறியாட்டம் ஆடின. ஃபெர்மின் டொபேரா என்ற 22 வயதுத் தொழிலாளி கூலிக் கொட்டகையில் குண்டடிபட்டுச் செத்தார். 1933இல் கலிபோர்னியா தன் திருமணச் சட்டத்தைத் திருத்தி, ‘மலாய்’ இனத்தார் வெள்ளையரை மணப்பது செல்லாது என்று எழுதிவைத்தது. 1948இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அடித்துப்போடும்வரை அந்த வகைத் தடைகள் நீடித்தன.

ஆகவே கூச்சத்துக்கு மருந்து விற்ற இந்தத் தொழிலின் ஒரு பெரிய பொய்யை இங்கேயே சொல்லிவிடலாம்: தன்னம்பிக்கை வந்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்பது. சில கதவுகளை வெளியிலிருந்து ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அதைத் தனி மனிதன் கூச்சத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். ஆனால் இந்த எதிர்ப்பு என் வாதத்தை உடைப்பதைவிடக் கூர்மையாக்குகிறது என்றே நினைக்கிறேன். துணிச்சல் ஒருவன் தனியாக உருவாக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகும் பொருள் என்றால், வாட்சன்வில் இளைஞர்களிடம் அது தாராளமாக இருந்தது. அது பழகும் இடத்தையும் அந்த இடம் அனுமதிக்கும் விதிகளையும் சார்ந்தது என்பதால்தான், இடத்தைத் தாக்கியதும் அவர்கள் கைவசம் ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தப் பின்னணியில்தான் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் 1933 கோடையில் ஒரு 19 வயதுப் பையன் செய்த காரியத்தைப் பார்க்க வேண்டும். பெயர் ஆல்பர்ட் எல்லிஸ். பின்னாளில் அமெரிக்க உளவியலில் பெரும் புள்ளி. 1955 முதல் அவர் வளர்த்த சிகிச்சை முறை இன்றைய அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு ஒரு மூதாதை. அப்போதோ, பெண்களைத் தூரத்திலிருந்து பார்த்து ஆசைப்பட்டு, அருகில் போகாமல் நூறு சாக்குச் சொல்லிக்கொள்ளும் சாதாரண மாணவன். அவர் தமக்கே ஒரு கட்டளை போட்டுக்கொண்டார். ஒரு மாதம், தினமும் பூங்காவுக்குப் போக வேண்டும். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். பறவை, பூ, வானிலை, அவள் படிக்கும் புத்தகம், எதுவானாலும் சரி. அவர் சொன்ன கணக்குப்படி 130 பெண்களின் அருகில் உட்கார்ந்தார். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரோடு பேச்சு நடந்தது. ஒரே ஒரு பெண் பிறகு சந்திப்பதாக ஒப்புக்கொண்டாள், அவளும் வரவில்லை. வியாபாரக் கணக்கில் இதைவிடப் படுதோல்வி கிடையாது. அவருக்குக் கிடைத்ததோ வேறு: யாரும் கத்தவில்லை, யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை, எவளும் வாந்தி எடுத்துவிட்டு ஓடவில்லை. நெடுநாள் பயந்த அந்தப் பேரழிவு நூறு முறை நடக்காமல் போனது. பயம் போயிற்று.

இந்த யோசனையை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஸ்டோயிக் தத்துவவாதிகளைப் படித்திருந்தார். கூடவே ஜான் வாட்சனின் நடத்தை உளவியலையும். வாட்சனின் வழிகாட்டலில் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வில், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனை, அவன் தின்பண்டம் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பழக்கினார். கடைசியில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான். பூங்காவில் எல்லிஸ் தம்மையே பீட்டராக ஆக்கிக்கொண்டார். ஆனால் அந்த வாட்சன் 1920இல் பல்கலைக்கழக வேலையை இழந்து விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டவர். பயத்தை எப்படி உண்டாக்கலாம் என்று வணிகர்களுக்கும், எப்படிப் போக்கலாம் என்று உளவியலாளர்களுக்கும் ஒரே மனிதரின் கடையிலிருந்து சரக்குப் போயிற்று.

எல்லிஸ் கதையை அப்படியே நம்பலாமா என்பது நியாயமான சந்தேகம். இது அவர் பின்னாளில் மேடை மேடையாகத் தாமே சொன்னது. கணக்கு நோட்டு எதையும் நாம் பார்க்கவில்லை. எண்கள் கொஞ்சம் அளவுக்கு மீறி உருண்டையாக இருக்கின்றன. எண்கள் முன்பின் இருந்தாலும் என் வாதத்துக்கு நட்டமில்லை. தம்மைப் புகழ்ந்துகொள்ள ஒருவர் கட்டிய கதையில் கடைசியில் அந்தப் பெண் வந்திருப்பாள். அதைவிடக் கனமான சந்தேகம், அந்த 130 பெண்களைப் பற்றியது. ஒரு பையன் பயம் தெளிவதற்கு அவர்கள் ஏன் கருவியாக வேண்டும்? அமைதியாகப் புத்தகம் படிக்க வந்தவள் எந்தச் சோதனைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் எழுந்து போன அந்த முப்பது பேரைக் கொஞ்சம் கவனியுங்கள். பட்டப்பகல், பொது இடம், திறந்த பெஞ்சு. எழுந்து நடந்தார்கள், அவர் பின்தொடரவில்லை, அடுத்த பெஞ்சுக்குப் போனார். முன்கூடக் காலத்தில் ‘வீட்டில் இல்லை’ என்று வேலைக்காரி சொன்ன சொல்லின் மிச்சம் அதுதான். மறுக்கும் உரிமை பெண்ணிடம் முழுதாக இருந்தது. மறுப்பு வந்தவுடன் ஆட்டம் முடிந்தது. எல்லிஸ் பயிற்சி எடுத்தது பெண்ணைச் சம்மதிக்க வைப்பதில் அல்ல, சம்மதிக்காததைத் தாங்கிக்கொள்வதில். அடுத்து வந்தவர்களை அளக்க எனக்கு இதுவே அளவுகோல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூச்சம் போக்கும் வேலையைப் பள்ளிகளே கையில் எடுத்துக்கொண்டன. கொரோனெட் நிறுவனம் 1947இல் எடுத்த ‘ஷை கை’ என்ற பாடப்படத்தில், நிலவறையில் ரேடியோ பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கும் கூச்சக்காரப் பையனிடம் தந்தை சொல்லும் யோசனை, மற்றவர்கள் எதில் அக்கறை காட்டுகிறார்கள் என்று கவனி என்பது. பழைய பாணிப் படம், இன்று பார்த்தால் சிரிப்பார்கள். யோசனை மட்டும் பழுதில்லை. 1970இல் எரிக் வெபர் என்ற விளம்பர வாசகம் எழுதுபவர், பெண்களை வசப்படுத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதி இதழ் விளம்பரங்கள் மூலம் தபாலில் விற்றார். எழுதியவர் விளம்பரக்காரர் என்பது தற்செயல் இல்லை. 1990களில் மனவசியம் கலந்த பேச்சு உத்திகளை விற்கும் குருமார்கள் வந்தார்கள். 2005இல் நீல் ஸ்ட்ராஸின் ‘த கேம்’ என்ற நூல் அந்த உலகை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியது. தலைமுடி கொட்டிய, கூச்சமுள்ள எழுத்தாளர் ஒருவர் கையில் மந்திர வித்தையும் வாயில் மனப்பாட வசனமுமாக வேறு ஆளாக மாறுவதுதான் அதன் கதை.

இவர்களும் பையன்களை வெளியே அனுப்பிப் பேசத்தானே வைத்தார்கள், எல்லிஸுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று இவர்களின் ஆதரவாளர்கள் கேட்பது உண்டு. பாதி சரி. அறையை விட்டு வெளியேறி நூறு பேரிடம் பேசிய பையன் எவனுக்கும் கொஞ்சம் கூச்சம் தெளியும். அந்தப் பலனைத்தான் குரு தன் வசனத்தின் மகிமை என்று சொல்லிக் கட்டணம் வாங்கினார். மறுபாதியில்தான் விஷம். பாராட்டுவது போல் மட்டம் தட்டி அவள் தன்னம்பிக்கையைக் குலைப்பது ஒரு பாடம். அவள் தயக்கத்தை உடைக்க வேண்டிய ‘எதிர்ப்பு’ என்று பெயரிட்டுப் படி படியாக வழி சொல்வது இன்னொரு பாடம். மறுப்பு வந்ததும் எல்லிஸ் அடுத்த பெஞ்சுக்குப் போனார். இங்கே மறுப்பு வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. அப்படியானால் இது கூச்சத்துக்கு மருந்தே இல்லை. மறுப்பை ஒரு கணமும் தாங்க முடியாதவன், அது வராமலே பார்த்துக்கொள்ளக் கட்டிக்கொண்ட கவசம். கவசத்துக்குள் பழைய பையன் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறான். இதை எதிராளி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை: ஸ்ட்ராஸே 2015இல் எழுதிய ‘த ட்ரூத்’ என்ற பிந்தைய நூல், உறவில் நிலைக்க முடியாமல் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த கதை.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவே, விளம்பரம் எதுவும் இல்லாமல் நடந்த ஒரு சோதனை உண்டு. இந்தத் தொழிலின் வரலாற்றில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. 1970களில் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ ஸ்டான்ஃபோர்டில் கூச்சத்தை ஆராயத் தொடங்கி, கேட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் தம்மைக் கூச்சக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதைக் கண்டு வியந்தார். பத்தில் நாலு பேருக்கு இருப்பதை நோய் என்று சொல்வது கொஞ்சம் சிரமம். அதே ஆண்டுகளில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் ஹால் ஆர்கோவிட்ஸும் டேட்டிங்கில் தயக்கம் உள்ள மாணவர்களுக்கு மிக எளிய ஓர் ஏற்பாடு செய்தார்கள். இன்னாரும் இன்னாரும் இந்த வாரம் சந்தியுங்கள் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த முறை வேறொருவர். எப்படிப் பேசுவது, எங்கே பார்ப்பது என்ற பாடம் எதுவும் இல்லை. 1974, 1975இல் வெளியான முடிவுகளின்படி, இப்படிச் சந்தித்தவர்களுக்குத் தயக்கம் குறைந்தது. பிறகு தாமாகவே சந்திப்பதும் கூடியது. ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும், உன்னிடம் எது பிடித்தது, எதை மாற்றிக்கொள்ளலாம் என்று எதிரே இருந்தவர் எழுதிய குறிப்பைக் காட்டினார்கள். அந்தக் குறிப்பால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தபாலிலும் வகுப்பிலும் புத்தகத்திலும் விற்றுவந்த சரக்கு எதுவோ, சரியாக அதைத்தான் அந்தக் குறிப்புத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஆய்வாளர்கள் அங்கே செய்தது பழைய மூன்றாம் ஆளின் வேலை. பாங்கனும் தோழியும் தரகரும் பெண்ணின் தாயும் நின்ற இடத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறை நின்று, யார் முதலில் கேட்பது என்ற சுமையை இருவர் தலையிலிருந்தும் இறக்கி வைத்தது. இருவர் என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தச் சோதனைக்குப் பையன்கள் மட்டும் பெயர் கொடுக்கவில்லை. பெண்களும் கொடுத்திருந்தார்கள், அதே தயக்கத்தைச் சொல்லி. கையில் சீட்டோடு காப்பிக்கடைக்கு நடுங்கிக்கொண்டு போன பையனுக்கு எதிரே, சிகிச்சைக்கு வந்த இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள்.